புள்ளியைப் பொருட்படுத்தாப் பொறி

கணிப்பொறியுள் தமிழ் புகுந்துவிட்டது. இனிக் கவலையில்லை என்று ஆறியிருப்பார் நம்முட் பலர். திரையில் தமிழெழுத்துத் தோன்றுதல் வேறு. பொறி அதனை எழுத்தென மதித்தல் வேறு. முன்னது கிட்டிற்று, பின்னது இன்னும் முழுமையுறவில்லை.

பைத்தான் என்னும் நிரல்மொழியே இதற்குச் சான்று. 2008-ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு, நிரலாளர் தாம் இடும் பெயர்களை ஆங்கிலமல்லாப் பிறமொழி எழுத்துகளாலும் இடலாம் என இசைவளித்தது. ஏவற்சொற்கள் ஆங்கிலமாகவே நிற்பினும், 'மாணவர்', 'மதிப்பெண்' என்று நாம் சூட்டும் பெயர்களைப் பொறி தடையின்றி ஏற்கும்.

நிரலெழுதுவார் ஒரு பெயரின் முதற்கூற்றை அடித்தவுடன் எஞ்சியதைப் பொறியே முடித்துத் தரும் ஏந்து ஒன்றுண்டு. அதனை நிறைவிப்பு என்போம். பெயரையடுத்து முற்றுக்குறியிட்டால், அதற்குரிய உறுப்புகளை வரிசையாய்க் காட்டுவதும் அதன் பணியே. கற்கத் தொடங்குவானுக்கு இஃது ஊன்றுகோல்; கற்றுத் தேர்ந்தானுக்கு விரைவு.

இவ்வேந்துதான் தமிழுக்குக் கைவிரிக்கின்றது. பைத்தானோடு உடன்வரும் நிறைவிப்புக் கூறு, முற்றுக்குறிக்கு முன்னுள்ள பெயரை அறிதற்கு ஒரு வடிவக்குறியை ஆள்கின்றது. அக்குறி உயிரையும் அகரமேறிய மெய்யையும் எழுத்தென ஏற்கும். உயிர்மெய்க் குறிகளையும் மெய்யின் புள்ளியையும் எழுத்தல்லவென்று தள்ளும். 'தமிழ்' என்னுஞ் சொல்லை அதனிடங் கொடுத்தால் 'தம' என ஒரு துண்டும் 'ழ' என ஒரு துண்டுமே மீளும். 'பல' பிழைக்கும், 'சில' சிதையும். 'மாணவர்' என்றெழுதி முற்றுக்குறியிட்டுக் காத்திருப்பான் ஒன்றுங் காணான்.

மெய்யெழுத்துப் புள்ளிபெற்று நிற்பது அதன் இயல்பு எனத் தொல்காப்பியர் வகுத்தார். அப்புள்ளியை ஒட்டுக்குறியென ஒதுக்கும் பொறி, தமிழை ஏற்றதாகுமா? மொழியின் வாயிற்காவலன் வருகவென்கிறான். உள்ளே பந்தி பரிமாறுவான் இலையில்லை என்கிறான்! ஒருங்குறி அமைப்பாரே தம் வழிகாட்டுரையில், இத்தகு இணைகுறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளுமாறு பரிந்துரைத்துள்ளனர் என்பதை ஈண்டு நினைக.

பிறிதொரு குறையும் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பைத்தான் மொழி இரண்டையும் ஒன்றாக்கி வைத்துக்கொள்கிறது. நிறைவிப்போ அடித்தவாறே ஒப்பிட்டு, 'கொடை' இல்லையெனக் கைவிடுகிறது.

"பெயர்களை ஆங்கில எழுத்திலேயே எழுதிவிட்டுப் போனாலென்ன?" என்பார் உளர். இவ்வாறு போனதனாலன்றோ நம் அறிவியல் முழுதும் அயலெழுத்தில் முடங்கிற்று? தமிழ்ப்பெயர் இட்ட மாணவனுக்குப் பொறி வாய்திறவாவிடின், அவன் பொறியைக் குறைகூறான். தன் தமிழையே குறைகூறுவான். மறுநாள் ஆங்கில எழுத்துக்கு மாறுவான். தடையாணை ஏதுமின்றியே தமிழ் அகற்றப்படும். இதுவே நாம் அஞ்சத்தக்கது.

இதனைப் பகைமையென்று கூறேம். தமிழறியார் எழுதியதன் விளைவென்க. தீர்வும் அரிதன்று. ஒரு சொல் பெயராகத் தகுமா என ஆராயும் செயற்கூறு பைத்தானுள்ளேயே உண்டு. அது புள்ளியையும் ஏற்கும். வடிவக்குறியை நீக்கி, அதனை அவ்விடத்தே அமைத்தலும், ஒப்பிடுமுன் இருவகை ஒகரத்தையும் ஒன்றாக்கலுமே வேண்டுவன. பைத்தானின் மூலநிரல் எல்லார்க்கும் திறந்தது. திருத்தம் விடுக்க எவர்க்கும் உரிமையுண்டு.

ஆகலின், நிரற்கலை பயிலும் தமிழிளைஞரே! நும் கையிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் 'தமிழ்', 'சில', 'கொடை' என்னும் மூன்று பெயர்களை இட்டுப் பாருங்கள். தவறினால் புலம்பற்க, திருத்தி விடுங்கள். மேடைதோறும் தமிழ் வாழ்க என முழங்குவதினும், ஒரு புள்ளிக்குரிய இடத்தைப் பொறியுள் பெற்றுத்தருதல் பெருந்தொண்டாம்.