ஊசி இல்லைன்னா கவலையும் இல்லையா?



குழந்தைகளுக்குத் தையல் போட, பல் பிடுங்க, ஸ்கேன் எடுக்க இப்போது ஊசி குத்தாமலே மயக்கம் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். நாலு பேர் சேர்ந்து கை காலை அமுக்கிப் பிடித்துத் தையல் போட்ட காலம் போகட்டும்! அந்தப் பயத்தில், ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே அலறும் பிள்ளைகள் எத்தனை பேர்!

ஆனால், என் பேத்திக்கு மோவாயில் தையல் போட்ட அன்று, அரைத் தூக்கத்தில் இருந்தவளை, "ஊசியா போட்டோம்? ஸ்பிரேதானே, தூக்கிட்டுப் போங்கம்மா" என்றார் நர்ஸ். "நல்லா முழிக்கட்டும்" என்று நான் நகரவில்லை. அப்புறம் விசாரித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் சகோதரிகளுக்கு எழுதுகிறேன்.

மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து, மூக்கின் உள்தோல் வழியே நேராக ரத்தத்தில் கலக்கிறது. சில நிமிஷத்திலேயே வேலை செய்யும். கொஞ்ச நேரம் மூக்கு எரியும். பயத்தைக் குறைக்குமே தவிர, வலியைப் போக்காது. தையலுக்கு மரத்துப்போகும் மருந்து தனியாக வேணும். பல் டாக்டர்கள் தரும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற 'சிரிப்பு வாயு', மாஸ்க்கை எடுத்ததும் சீக்கிரமே தெளிந்துவிடும். தூக்கத்துக்கு வாய்வழி சிரப்பும் உண்டு.

எந்த வழியில் போனாலும் மயக்க மருந்து மயக்க மருந்துதான். அளவு கூடினால் மூச்சு மந்தமாகும். அரைத் தூக்கத்தில் ஆட்டோவில் கழுத்து முன்னால் சாய்ந்தாலே மூச்சு அடைபடலாம். ஆழ்ந்த மயக்கம் தந்தால், சிகிச்சை செய்பவர் தவிர, குழந்தையைக் கவனிக்கவென்றே பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கணும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், குழந்தைப் பல் மருத்துவர்கள் அமைப்புகளின் 2019 நெறிமுறை சொல்கிறது.

ஆகவே, கூச்சப்படாமல் கேளுங்கள்: எடை பார்த்து அளவு போட்டார்களா? விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி மாட்டுவார்களா? பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா? யார் கவனிப்பார்? எத்தனை மணி நேரம் வெறும் வயிறு? (முன்கூட்டியே திட்டமிட்டதென்றால் சாதாரணமாகத் தண்ணீருக்கு 2 மணி, தாய்ப்பாலுக்கு 4 மணி, மாட்டுப்பால், லேசான உணவுக்கு 6 மணி.) சளி, குறட்டை, வீசிங் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. வலிப்பு வரும் குழந்தைகளுக்காகச் சில வீடுகளில் இதே மிடசோலம் ஸ்பிரே இருக்கும். அழுகிற பிள்ளையைத் தூங்கவைக்க, தயவுசெய்து அதை எடுத்து அடித்துவிடாதீர்கள்.

- ஒரு பாட்டி, கும்பகோணம்