தனியாளுக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும்?

சென்ற வாரம் ஜும்ஆ தொழுகை முடிந்து முல்லா வீதியில் வந்துகொண்டிருந்தபோது இளைஞரொருவர் ஸலாம் கூறி நிறுத்தினார். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறதாம். “ஹஜ்ரத், அங்கே தனியாளாக வசதியோடு வாழ எவ்வளவு சம்பளம் வேண்டும்?” என்று வினவினார். மதரஸாவில் ஓதியவனிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் நகைத்தேன். வீடு திரும்பிய பின்னரே இது மார்க்கக் கேள்விதான் என உணர்ந்தேன்.

பொதுப் பணியில் அமர்த்தப்பட்டவர் மனைவி இல்லையேல் மணமுடித்துக்கொள்ளவும், பணியாள் இல்லையேல் அமர்த்திக்கொள்ளவும், இல்லம் இல்லையேல் தேடிக்கொள்ளவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அதற்கு மேல் எடுப்பது மோசடி என்ற கருத்தும் அதே ஹதீஸில் அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின்பும் துணிகளைத் தோளிற் சுமந்து கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். குடும்பம் உண்ண வேண்டுமே! ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள்தாம் தடுத்து, ஊதியம் நிர்ணயிக்க வழிசெய்தார்கள். ஆக, சம்பளக் கணக்கில் உணவோடு கூரையும் சேர்ந்தே வருகிறது.

சென்னையில் அந்தக் கூரைதான் இளைஞரை முறிக்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது அந்நகரின் நெடுநாள் வழக்கம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாதென்கிறது. இரு தரப்பாரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தடையில்லை என்றும் சொல்கிறது. அறை தேடி அலைபவர் எதற்குத்தான் ஒப்பமாட்டார்? முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே வட்டிக்கடைப் படியேறுகிறார். ஹலாலான சம்பாத்தியம் தேடிச் சென்றவரின் முதல் மாதம் ஹராமில் தொடங்குகிறது.

சிக்கனமாய் இருக்கச் சொல்வது எளிது. தேநீரைக் குறைக்கலாம், வாடகையை எங்ஙனம் குறைப்பது? சம்பளம் தருவோரும் சிந்திக்க வேண்டும். நேரு வீதியில் கடை வைத்திருக்கும் நம்மவர், தம்மிடம் வேலை செய்யும் காரைக்கால் பிள்ளை இரவில் எங்கே உறங்குகிறான் என்று ஒருமுறையேனும் விசாரித்ததுண்டா? கூலி உயர்வும் எட்டு மணி நேர வேலையும் கேட்டதற்காக, 1936 ஜூலை 30 அன்று 12 ஆலைத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் நம் ஊர்.

முன்பணம் செலவாகிவிடும் பணமன்று. அறையைக் காலி செய்கையில் திரும்பி வருவது. ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லா அழகிய கடனாக அதைக் கொடுத்துதவினால், மாதந்தோறும் அவர் சிறுகச் சிறுகத் திருப்பிச் செலுத்துவார். அதே தொகை அடுத்துப் புறப்படும் பிள்ளைக்கு ஆகும். நிர்வாகிகள் சிலரிடம் பேசியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொன்னார்கள்.

இளைஞர் வரும் வாரம் புறப்படுகிறார்.