மக்கோந்தோவுக்குப் போன கூட்டம் திப்பணம்பட்டிக்கு ஏன் வரவில்லை?

2024 டிசம்பரில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்ததும் நம்ம இலக்கிய வட்டத்தில் பெரிய குதூகலம். கார்சியா மார்க்கேஸ் உயிரோடு இருந்தவரை அந்த நாவலைச் சினிமாவுக்குத் தரவேயில்லை. அதை ஸ்பானிய மொழியில்தான் எடுக்கணும், ஒரு படத்துக்குள் திணிக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். கடைசியில் அப்படியே கொலம்பியாவில் எடுத்தார்கள். நாமும் உட்கார்ந்து பார்த்தோம். நல்லது.

அதற்கு ஒரு வருஷம் முந்தி, 2023 செப்டம்பரில், 'உலகம்மை' என்று ஒரு படம் வந்ததே, யாராவது பார்த்தீர்களா? சு. சமுத்திரத்தின் 'ஒரு கோட்டுக்கு வெளியே' நாவல்தான் அது. தென்காசிப் பக்கம் திப்பணம்பட்டியில் பிறந்தவர் அவர். இசை இளையராஜா. வந்த சுவடே தெரியவில்லை.

படம் எடுத்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்த நாவலில் ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஒரு ஏழைப் பெண்ணைத் தள்ளிவைக்கிறார்கள், அவள் ஒற்றையாளாய் எதிர்த்து நிற்கிறாள். தள்ளிவைப்பது என்பது ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. முதலில் ஒரு வீட்டில் பேச்சு நிற்கும். அப்புறம் கடையில் சாமான் கிடைக்காது. நேற்றுவரை 'ஏளா' என்று கூப்பிட்டவள் இன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாள். இந்தப் பைய நடக்கிற கொடுமையைக் காட்ட எட்டு மணி நேரமாவது வேணும். இரண்டு மணி நேரத்தில் அடக்கினால் ஒரு நல்லவள், நாலு கெட்டவர்கள், அவ்வளவுதான் மிஞ்சும்.

ஸ்பெயினில் இதைப் புரிந்துகொண்டவர்கள் அரசுத் தொலைக்காட்சிக்காரர்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்தது 1975-இல். ஐந்தே வருஷத்தில், 1980-இல், கால்தோஸின் 'ஃபோர்த்துனாத்தாவும் ஹசிந்தாவும்' பத்து அத்தியாயத் தொடராக வந்தது. 1982-இல் தோரெந்தே பாயெஸ்தெரின் மூன்று நாவல்களைச் சேர்த்துப் பதின்மூன்று அத்தியாயம். உள்நாட்டுப் போருக்குச் சற்று முந்தைய ஒரு சிற்றூர். நொடித்துப்போன பழைய குடும்பம் ஒரு பக்கம், ஊரையே சட்டைப்பைக்குள் வைத்திருக்கும் கப்பல் பட்டறை முதலாளி மறு பக்கம். வெளிவந்த காலத்தில் அதிகம் பேர் சீந்தாத நாவல்கள் அவை. தொடருக்கு அப்புறம்தான் அந்த எழுத்தாளர் வீட்டுக்கு வீடு தெரிந்தார்.

நம்ம தூர்தர்ஷனுக்கும் இது தெரியாததல்ல. நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' தொடராக வந்தது, மு.க. ஸ்டாலின் அரவிந்தனாக நடித்தார். 1988-இல் பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' ஒளிபரப்பானபோது தடை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், தடை கிடைக்கவில்லை. சமுத்திரமே வானொலியிலும் தூர்தர்ஷனிலும் வேலை பார்த்தவர்தான்!

இன்றைக்குத் தமிழில் 'பீரியட்' என்றாலே வாள், குதிரை, கிரீடம். பட்ஜெட் இல்லை என்கிறார்கள். சோழர் கப்பலுக்கு இருக்கும் பணம் ஒரு ஓட்டுவீட்டுக்கு இருக்காதா? நீளம் ஓடாது என்கிறார்கள். ஆயிரம் எபிசோடு மாமியார் சண்டை ஓடுகிற ஊர் இது. உண்மையான காரணம் பயம். ராஜா கதையில் யார் தாத்தா யாரை அடித்தார் என்ற கேள்வி வராது. பூமணியின் 'அஞ்ஞாடி'யை எடுத்தால் வரும். 1899 சிவகாசிக் கலவரத்தைச் சாதிப் பெயர் சொல்லாமல் எப்படிக் காட்டுவீர்கள்? அவருடைய 'வெக்கை' 'அசுரன்' ஆனது, ஓடவும் செய்தது. ஆனால் நாவலில் இருந்த பையனும் அவன் அலைந்த காடும் பின்னுக்குப் போய் நட்சத்திரத்தின் கதையாகிவிட்டது.

தென்காசிக்குக் கேமரா வராமல் இல்லை. 1992-இல் 'ரோஜா'வுக்காகச் சுந்தரபாண்டியபுரம் வந்தது. இப்போதும் வருகிறது. வயலை எடுக்கும், குற்றாலத்து அருவியை எடுக்கும், போய்விடும். அந்த வயல் யாருடையது, அதில் நாற்று நட்டவளுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று எழுதிவைத்த ஆள் பக்கத்து ஊர்க்காரர்தான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த வீடுகளும் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருக்கின்றன. 1904-இல் வந்த செங்கோட்டை–கொல்லம் மீட்டர்கேஜ் பாதை ஏற்கெனவே போய்விட்டது. 2018-லிருந்து அகலப்பாதையில்தான் வண்டி ஓடுகிறது. இன்னும் பத்து வருஷம் கழித்து யாராவது மனசு வைத்தால், உலகம்மையின் ஊரையும் ஹைதராபாத்தில் செட் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.