கையடக்கத் திரையில் துர்க்கை

புனே நகரின் ‘நோடிங் ஹெட்ஸ்’ நிறுவனத்தார் ஆக்கிய ‘ராஜி’ என்னும் விளையாட்டு, 2020 ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘நிண்டெண்டோ சுவிட்ச்’ என்ற கையடக்கக் கருவியில் வெளிவந்தது. அசுரர் கவர்ந்த தம்பி கோலுவைத் தேடிப் புறப்படுகிறாள் ஒரு சிறுமி. தெய்வங்கள் அருளிய சூலமும் வில்லும் அவளுக்குத் துணை. துர்க்கையும் திருமாலும் அவள் செயலைக் கண்டு உரையாடுகின்றனர். பாலித் தீவின் நிழற்பாவைக் கூத்தையொத்த கதைக் காட்சிகள் பேரழகு. அவற்றுக்காகவே இதனைப் பார்க்கலாம்.

போர்க் காட்சிகளோ அத்துணைச் சிறப்பில்லை. சிறு திரையில் ராஜி எங்கே, அசுரன் எங்கே எனக் கண் தடுமாறுகிறது. முதற் பதிப்பில் தேவர்கள் ஆங்கிலமே பேசினர். மானம்பூவன்று வாழைவெட்டுக் கண்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது சற்றே அந்நியம். கதையும் சில மணி நேரத்தில் அறுந்த நூல்போல் நின்றுவிடுகிறது. பெற்றோர் இதற்கெனக் கருவி வாங்க வேண்டா, கணினியிலும் ஆடலாம்.