விளக்கு எரிந்தால் மட்டும் போதுமா?

சில மாதங்களுக்கு முன், மழை பெய்து ஓய்ந்திருந்த ஓர் இரவில், வெள்ளவத்தை மரைன் டிரைவ் வழியாக நண்பர் ஒருவரின் காரில் வந்துகொண்டிருந்தேன். 1965ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி.பி. கார் அது. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடித்துவிடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். முப்பது வருடங்கள் இலண்டனில் உழைத்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய நண்பர், மலைநாட்டில் ஒரு பழைய தோட்ட பங்களாவின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த அந்தக் காரை வாங்கி, இரண்டு வருடங்கள் செலவழித்து உயிர்ப்பித்திருந்தார்.

காலி வீதிப் பக்கமாகச் செல்லும் ஒழுங்கையொன்றினுள் வலப்புறம் திரும்புவதற்காக நண்பர் சிக்னலைப் போட்டு வேகத்தைக் குறைத்தார். திரும்பிய கணத்தில், பின்னால் வந்து எங்களை வலப்பக்கமாக முந்த முயன்ற மோட்டார் சைக்கிள் ஒன்று கதவை உரசிக்கொண்டு சறுக்கி விழுந்தது. உணவுப் பொதிகளை வீடுவீடாக விநியோகிக்கும் இளைஞன். இருபது வயதுகூட இராது. தெய்வாதீனமாக முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்புக் காயங்களோடு எழுந்து நின்றான்.

“அண்ணை, சிக்னல் போடேல்லையே!” என்றான்.

“போட்டனான் தம்பி!” என்றார் நண்பர்.

இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். நண்பர் சிக்னலைப் போட்டதை நான் கண்டேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் பச்சை அம்பு மின்னியதையும் கண்டேன். ஆனால் காரின் பின்புறம் சென்று பார்த்தபோது வலது சிக்னல் விளக்கு, அணையப்போகும் அகல்விளக்கைப் போல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில் முனகிக்கொண்டிருந்தது. அந்த இளைஞனை மருத்துவரிடம் காட்டி, மோட்டார் சைக்கிளையும் திருத்திக் கொடுத்தோம். ஆயினும் அந்தச் சம்பவம் என் மனதைவிட்டு அகலவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் காரல்ல. அந்தக் காரின் வயர்களுக்குள் நம்முடைய ஒரு பழக்கத்தை நான் கண்டதுதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு சந்தினுள் கராஜ் வைத்திருக்கும் முதிய ஓட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனோம். அந்தப் பகுதியில் அவரை எல்லோரும் ‘பாஸ்’ என்றே அழைப்பார்கள். அவர் சுவிட்சைக் கழற்றவில்லை. முதலில் ஒரு வோல்ட் மீற்றரை எடுத்தார். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.5 வோல்ட். முன்விளக்கை எரியவிட்டு அதன் முனையில் அளந்தபோது 11.2 வோல்ட். “சேர், இதில சுவிட்சுக்குக் குத்தம் சொல்ல ஏலாது. அது தூக்க முடியாத சுமையைத் தூக்கிக்கிட்டு நிக்குது” என்றார்.

விளங்காதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். அக்காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் முன்விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டிலுள்ள சுவிட்சினூடாகவே செல்கிறது. பற்றரியிலிருந்து சுவிட்சுக்கு, அங்கிருந்து தூர ஒளியையும் தாழ்ந்த ஒளியையும் மாற்றுவதற்குக் காலால் மிதிக்கும் இன்னொரு சுவிட்சுக்கு, பின்னர் பல இணைப்புகளைக் கடந்து விளக்குக்கு. 55 வாட் விளக்குகள் இரண்டு எரியும்போது ஏறத்தாழ 9 அம்பியர் ஓடும். அறுபது வயதான செப்பு முனைகளில் களிம்பு ஏறியிருந்தால் ஒவ்வோர் இடத்திலும் சிறிது சிறிதாக வோல்ட் குறையும். குறைவது இரண்டே வோல்ட்தானே என்று அலட்சியம் செய்ய முடியாது. இழைப் பல்புகளில் வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது வீதம் குறைந்துவிடும். நண்பரின் காரில் வெளிச்சம் பாதியாகியிருந்தது. காணாமற்போன மின்சாரம் சுவிட்சிலும் வயர்களிலும் வெப்பமாக எரிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, இந்தக் கார்களில் முன்விளக்குச் சுற்றுக்குப் பியூஸும் கிடையாது. வயர் உராய்ந்து காரின் உடலில் பட்டால் உருகுவது பியூஸ் அல்ல, வயர்தான்.

சிக்னலின் கதை வேறு. பின்விளக்கின் எர்த் வயர் காரின் உடலோடு சேரும் இடம் துருவேறிக் கிடந்தது. வெள்ளவத்தையில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் காருக்கு இது நேராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உப்புக்காற்று நம் வீட்டு யன்னற் கம்பிகளையே தின்றுவிடுகிறதே! பழைய வகைப் பிளாஷர் ஒரு வெப்பக் கருவி. பல்புகள் இழுக்கும் மின்சாரத்தால் சூடேறிக் குளிர்வதாலேயே அது மின்னுகிறது. ஒரு பல்ப் சரியாக எரியாவிட்டால் மின்னும் வேகம் மாறிவிடும். அதுவே அதன் எச்சரிக்கை. “கொஞ்ச நாளாய் ஒரு மாதிரித் தயங்கித் தயங்கித்தான் மின்னினது. பழைய கார்தானே எண்டு விட்டிட்டன்” என்று நண்பர் ஒப்புக்கொண்டார்.

பாஸ் சொன்ன பரிகாரம் எளிமையானது. தூர ஒளிக்கு ஒன்றும் தாழ்ந்த ஒளிக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்கள். பற்றரிப் பக்கத்திலிருந்து தடித்த வயர் நேரே ரிலேக்கு வரும். அங்கிருந்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனிப் பியூஸினூடாகச் செல்லும். பழைய சுவிட்ச் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் அதனூடாக ஓடுவது ரிலேயை இயக்கப் போதுமான, ஓர் அம்பியரிலும் மிகக் குறைந்த மின்சாரமே. சுவிட்ச் இனிக் கட்டளை மட்டும் இடும். சுமையை ரிலே சுமக்கும். சிக்னலுக்கு எர்த் இணைப்புகளைச் சுரண்டித் துப்புரவாக்கி, தனியே ஒரு கறுப்பு வயரும் இழுக்க வேண்டும்.

நண்பர் மறுத்தார்! “ஒண்டையும் மாத்த வேண்டாம், ஒரிஜினல் கெட்டுப்போடும்” என்றார். கார்ப்பிரியர்களுக்கு ‘ஒரிஜினல்’ என்பது வேதவாக்கு. நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டத்தில் ஒரு காலத்தில் எம்.ஜி. கார்கள் ஓடிய கதையைச் சொல்லி, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே தன் காரும் இருக்க வேண்டும் என்று வாதாடினார்.

பாஸ் பதிலேதும் பேசாமல் டாஷ்போர்டின் அடியில் கையை விட்டு ஒரு கற்றை வயர்களை வெளியே இழுத்துக் காட்டினார். நண்பரின் முகம் விழுந்துவிட்டது. அந்தக் கற்றையில் தொழிற்சாலை வயர் பாதிகூட இல்லை. வீட்டு மின்சாரத்துக்குப் பயன்படும் வயர், ஸ்பீக்கர் வயர், எங்கு பார்த்தாலும் முறுக்கி டேப் சுற்றிய மூட்டுகள். பெரும்பாலானவை சிவப்பு நிறம். அந்தந்தக் காலத்தில் கைக்கு அகப்பட்டது அதுவாக இருந்திருக்கும்.

அக்காலப் பிரித்தானியக் கார்களில் ஒவ்வொரு வயரின் நிறமும் ஒரு சொல். பழுப்பு என்றால் பற்றரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பிய பின் உயிர்பெறுவது. நீலம் முன்விளக்கு, அதில் வெள்ளைக் கோடிருந்தால் தூர ஒளி, சிவப்புக் கோடிருந்தால் தாழ்ந்த ஒளி. பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல், வெள்ளைக் கோடு வலது சிக்னல். கறுப்பு எர்த். இந்த மொழி தெரிந்த எவரும், உலகின் எந்த மூலையிலும், அந்தக் காரைத் திறந்து வாசிக்கலாம். நண்பரின் காரில் அந்த மொழி அழிந்திருந்தது. லூக்காஸ் நிறுவனத்தின் மின்கருவிகளை ‘இருளின் இளவரசன்’ என்று கேலி செய்வது கார்ப்பிரியர் வழக்கம். நான் கண்ட அளவில் அந்தக் காரின் இருளுக்குக் காரணம் லூக்காஸ் அல்ல. பின்னால் வந்த கைகளே.

அந்தக் கைகளை முற்றாகக் குறைகூறவும் என்னால் முடியவில்லை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின், 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த கார்களை ஓட்டிக் காப்பாற்றியவர்கள் நம் நாட்டுக் கராஜ்காரர்கள். யாழ்ப்பாணத்தார் கதை அதிலும் கடுமையானது. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் எஞ்சின் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். அன்று இரவில் விளக்கை எரியவிடுவதே ஆபத்து. வானத்திலிருந்து யாராவது பார்த்துவிடுவார்கள். வெளிச்சத்தை மறைத்ததால் உயிர் பிழைத்தவர்கள் நாங்கள்.

அந்தச் சமாளிப்பைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு. அது நியாயமான பெருமை. ஆனால் சமாளிப்பு, இல்லாமையின் நடுவே செய்யப்படும் தற்காலிக ஏற்பாடு. தேவை தீர்ந்த பின்னும் அதையே தொழிலின் இலட்சணமாகக் கொண்டால் அது குறைபாடாகிவிடும். பஞ்சிகாவத்தைக்குப் போனால் ரிலேயும் பியூஸ் பெட்டியும் வாங்கலாம். நிறம் நிறமாக வயரும் வாங்கலாம். இருந்தும் ‘இப்போதைக்கு எரிந்தால் போதும்’ என்று முறுக்கி ஒட்டுகிறோம். உரிமையாளரும் ‘எரிகிறதே’ என்று திருப்தியுடன் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் எத்தனை பழைய வாகனங்களில் எத்தனை மூட்டுகள் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. வருடாந்த வாகன அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கேட்கிறார்கள். அந்தப் பரிசோதனை புகையைப் பார்க்குமே தவிர சிக்னலைப் பார்ப்பதில்லை. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தையொட்டி, பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டப்பட்டிருந்த மேலதிக விளக்குகளையும் அலங்காரங்களையும் அகற்றப் பொலிஸார் முனைந்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. கண்ணைக் கூசவைக்கும் விளக்கு அகற்றப்பட வேண்டியதே. அதேயளவு அக்கறை எரியாத விளக்கின் மீதும் செல்ல வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

‘ஒரிஜினல்’ வாதத்துக்கும் ஒரு பதில் உண்டு. ஒரிஜினல் என்று பார்த்தால், 1961க்கு முந்திய மொறிஸ் மைனரில் மின்னும் சிக்னலே கிடையாது. கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு அம்பு கையைப் போல வெளியே நீளும். அன்றைய தெருவுக்கு அது போதும். பஸ்களும் முச்சக்கரவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடிக்கும் இன்றைய காலி வீதியில் அதை யார் காண்பார்? காரின் நிறம், ஆசனத் தோல், எஞ்சினின் ஓசை ஆகியவை உரிமையாளரின் இன்பத்துக்கு உரியவை. அவற்றை எப்படி வேண்டுமானாலும் பேணுங்கள். சிக்னல் அப்படியல்ல. அதைப் போடுபவனால் அதைக் காண முடியாது. பின்னால் வருபவனுக்காகவே அது இருக்கிறது. நம் இரசனைக்கான விலையை ஒரு கூலிக்காரப் பிள்ளையின் முழங்காலால் கட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

பழைய கார் வைத்திருப்போருக்கு, நான் பாஸிடம் கேட்டறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். ரிலே போட்டுவிட்டோம் என்று 100 வாட் பல்ப் மாட்டாதீர்கள். இந்தக் காரின் டைனமோ கொடுப்பது உச்சமாக 22 அம்பியர்தான். 1967க்கு முந்திய எம்.ஜி.பி.யில் காரின் உடலோடு இணைந்திருப்பது பற்றரியின் நேர்முனை. ஜப்பானியக் காருக்கான இலத்திரனியல் பிளாஷரை அதில் அப்படியே மாட்ட முடியாது. பல்ப் பழுதானாலும் வேகம் மாறாமல் மின்னும் பிளாஷர் வசதியானதுதான், ஆனால் அது எச்சரிக்கையை விழுங்கிவிடும். எந்த வயரை மாற்றினாலும் உரிய நிறத்திலேயே மாற்றச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, வேலை முடிந்ததும் என்ன செய்யப்பட்டது என்று ஒரு தாளில் வரைந்து தரும்படி கேளுங்கள். அதற்கான கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள். ஐந்தாறு மணித்தியாலம் டாஷ்போர்டின் கீழ் மல்லாந்து கிடப்பவரிடம் ‘வயர்தானே மாத்தினீர்’ என்று கேட்பது நம்மவர்களிடமுள்ள மோசமான வழக்கம்.

நண்பர் இறுதியில் சம்மதித்தார். வேலை முடிய மூன்று நாட்கள் பிடித்தன. டாஷ்போர்டில் பழைய சுவிட்ச் அப்படியே இருக்கிறது. பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. இருட்டியபின் காரை வெளியே எடுப்பதற்கு முன், நண்பர் சிக்னலைப் போட்டுவிட்டு இறங்கிப் பின்புறம் சென்று பார்க்கிறார். பாஸ் வரைந்து கொடுத்த தாள் காரின் சிறுபெட்டிக்குள் இருக்கிறது. அதில் நிறங்களின் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டுள்ளன. ஏன் இரண்டிலும் என்று கேட்டேன். “அடுத்த முறை யாரு திறப்பாங்களோ, யாருக்குத் தெரியும் சேர்?” என்றார்.

உங்களிடம் பழைய கார்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இன்றிரவு ஒருமுறை இறங்கிப் பின்புறம் சென்று பாருங்கள்.