தேங்காய் எண்ணெயும் யானைக் குட்டியும்

பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தையை வளர்த்த அம்மாவுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அந்தக் குழந்தை ஒரு யானைக் குட்டியாகவும் இருந்துவிட்டால்?

கென்யா தேசத்தில் ட்ஸாவோ என்று ஒரு பிரம்மாண்டமான வனவிலங்குப் பூங்கா இருக்கிறது. 1948-ல் ஏற்பட்டது. அதன் கிழக்குப் பகுதிக்கு முதல் வார்டனாக இருந்தவர் டேவிட் ஷெல்ட்ரிக். தந்தத்துக்காகத் தாய் யானையைக் கொன்றுவிடுவார்கள். குட்டி தவித்துக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட குட்டிகளுக்கு அவர் மனைவி டாப்னிதான் வளர்ப்புத் தாய். பசும்பால் கொடுத்தால் ஜீரணமாகாமல் செத்துப் போகும். வருஷக் கணக்கில் எதையெதையோ கலந்து பார்த்தார், பாவம்! கடைசியில் பலித்தது எது தெரியுமா? நாம் கூந்தலுக்குத் தடவுகிறோமே, அந்தத் தேங்காய் எண்ணெய்தான்! யானைப் பாலிலுள்ள கொழுப்புக்கு அதுவே கிட்டத்தட்ட ஈடாக இருந்தது.

ஆயிஷா என்ற பச்சிளங்குட்டி அந்தப் பாலில் பிழைத்தது. முந்தானையை விடாத குழந்தை மாதிரி டாப்னியையே சுற்றிச் சுற்றி வந்தது. 1974-ல், மகள் கல்யாணத்துக்காக அவர் சில நாள் வெளியே போக நேர்ந்தது. ஏக்கம் தாங்காமல் குட்டி இறந்துவிட்டது. தன்னிடம் மட்டுமே ஒட்டிக்கொள்ள விட்டது தன் தவறு என்று உணர்ந்தார் டாப்னி.

1977-ல் கணவர் மறைந்தார். அவர் பெயரால் நைரோபி தேசியப் பூங்காவில் அனாதைக் குட்டிகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார் டாப்னி. அங்கே காப்பாளர்கள் இரவில் குட்டியோடு கொட்டிலிலேயே படுக்கிறார்கள். ஆனால் ஒருவரே அல்ல, மாறி மாறி! வளர்ந்த பின் ட்ஸாவோவில் காட்டு யானைகளோடு சேர்த்துவிடுகிறார்கள்.

2018-ல் டாப்னி காலமானார். அவர் வளர்த்த பெண் யானைகளில் சில, காட்டிலே குட்டி ஈன்றதும் தங்களை வளர்த்தவர்களிடம் அழைத்து வந்து காட்டியிருக்கின்றன. பிறந்தகத்து ஆசை யாரை விட்டது, சொல்லுங்கள்!