இந்த ஆடியில் யாருக்கு ஓய்வு?



ஆடி பிறந்தால் ஜவுளிக்கடைத் தள்ளுபடி விளம்பரம் வரும். இப்போதெல்லாம் அதோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. ‘ஏழு நாள் டீடாக்ஸ்’, ‘கர்க்கடக ஸ்பெஷல் பேக்கேஜ்’, ‘காலையில் ஒரு ஸ்பூன், கழிவெல்லாம் காலி’. போனைத் திறந்தால் இதே கதை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு சித்தப்பா அதை அனுப்பி, ‘எல்லோரும் பயன்பெறுக’ என்று கைகூப்பும் பொம்மையும் போட்டிருப்பார்.

செய்துகொள்ளலாமா, வேண்டாமா? பணத்துக்கு ஏற்ற பலன் உண்டா? வீட்டிலேயே செய்ய முடியாதா?

பருவம் மாறும்போது உடம்பைக் கொஞ்சம் கவனித்துக்கொள்வது மிக நல்ல பழக்கம். நம் பாட்டிமார் அதை விளம்பரம் பார்த்துச் செய்யவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் முக்கியமான மருந்து ஓய்வு. பவுடரும் லேகியமும் அதற்கு அப்புறம்தான். அந்த ஓய்வை எந்த பேக்கேஜும் நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து தராது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைத்தேன்.

முதலில் கேரளத்தைப் பார்ப்போம். மலையாள ஆண்டின் கடைசி மாதம் கர்க்கடகம். நம் ஆடியும் அதுவும் ஒன்றுதான். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். அங்கே தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும் நேரம். வயலில் வேலை கிடையாது. வேலை இல்லாததால் கையில் காசு கிடையாது. பத்தாயத்து நெல்லும் அடிமட்டத்துக்கு வந்துவிடும். பஞ்ச மாதம் என்றே அதற்குப் பெயர். வெளியே போக முடியாத அந்த ஒரு மாதத்தை, வருஷம் முழுக்க உழைத்த உடம்பைத் தேற்றிக்கொள்ளும் மாதமாக அந்த மக்கள் மாற்றிக்கொண்டார்கள்.

என்ன செய்வார்கள்? எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பார்கள். மருந்துக் கஞ்சி குடிப்பார்கள். ஞவரா என்ற சிவப்பரிசி அதற்கு விசேஷம். புவிசார் குறியீடு பெற்ற அரிசி. அதோடு வெந்தயம், சீரகம், சுக்கு, தேங்காய்ப்பால், தசபுஷ்பம் என்ற பத்து மூலிகைகள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். அந்தப் பத்தில் அருகம்புல், கரிசலாங்கண்ணி, விஷ்ணுகிரந்தி, முடக்கற்றான் எல்லாம் உண்டு. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்தச் சிறுபீளையும் உண்டு. நம் வரப்போரத்துச் செடிகள்தான்.

இதற்கெல்லாம் அடிப்படை வாக்படரின் ‘அஷ்டாங்க ஹிருதயம்’. கேரள வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் நூல். ஆறு பருவத்துக்கும் எப்படிச் சாப்பிடுவது, எப்படி இருப்பது என்று அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. மழைக்காலத்தில் பசித்தீ மந்தமாகும் என்கிறது. பழைய தானியம், பயறுச் சாறு, தேன் போன்றவை நல்லது. பகல் தூக்கமும் உடம்பை வருத்தும் உழைப்பும் ஆகாது என்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று. ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும் அடுத்த பருவத்தின் முதல் ஏழு நாளும் சந்திக் காலம். அந்தப் பதினான்கு நாளில் பழைய பழக்கத்தை மெல்ல விட்டு, புதியதை மெல்லப் பிடிக்க வேண்டும் என்கிறது. ஒரே நாளில் எதையும் தலைகீழாக்காதே என்பது எவ்வளவு யதார்த்தமான யோசனை!

சரி, அப்படியே அதை எடுத்துக்கொண்டு வந்து சென்னையிலும் மதுரையிலும் செய்யலாமா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கர்க்கடகத்தில் கோழிக்கோட்டில் மழை கொட்டும்போது, நம் ஊர் பெரும்பகுதியில் ஆடிக்காற்றும் வெயிலும்தான். குற்றாலம், நாகர்கோவில், வால்பாறை, நீலகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாரலும் மழையும் உண்டு. மற்றவர்களுக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழைதான் நமக்கு அடைமழை.

அதற்கு நம்மிடம் ஏற்பாடு இல்லையா? இருக்கிறது. ஐப்பசி அமாவாசையை ஒட்டி, விடிவதற்கு முன்னால் தலைக்கு எண்ணெய் வைத்து வெந்நீரில் குளிக்கிறோம். வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காய் அளவு லேகியம் விழுங்குகிறோம். சுக்கு, மிளகு, கண்டந்திப்பிலி, ஓமம், வெல்லம், நெய், நல்லெண்ணெய். அதற்குப் பிறகுதான் அதிரசமும் முறுக்கும். தீபாவளி என்று பெயர் வைத்திருக்கிறோம். மழை தொடங்கும்போது மந்தமாகும் வயிற்றுக்கு அதைவிடப் பொருத்தமான முன்னேற்பாடு எது? சித்திரையில் வேப்பம்பூப் பச்சடி. ஆடியில் அம்மன் கோயில் கூழ். பருவத்துக்கு ஒன்றாக வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

சித்த மருத்துவ மரபிலும் தேரையர் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து. முதலாவதை நாம் வருஷத்துக்கு ஒருமுறை ஆக்கிவிட்டோம். இரண்டாவதை மட்டும் சிலர் மாதாமாதம் ஆக்கிவிட்டார்கள். அங்கேதான் வம்பு.

‘உள்ளே கழிவு தேங்கிக் கிடக்கிறது’ என்று பயமுறுத்தித்தான் பாதி பவுடர்கள் விற்கின்றன. நம் கல்லீரலும் சிறுநீரகமும் ஞாயிற்றுக்கிழமை கூட லீவு எடுக்காமல் அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. வயிற்றுப்போக்கு அதிகமானால் போவது கழிவு மட்டுமில்லை. நீரும் உப்புச்சத்தும் சேர்ந்தே போகும். வயதானவர்கள், ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதில் சுருண்டு விழுந்துவிடலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் சாப்பாட்டை மட்டும் திடீரென்று குறைத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சிறுநீரக, இதய நோய் உள்ளவர்களும் இந்தப் பக்கமே தாமாகப் போகக் கூடாது. குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுக்கும் பழைய வழக்கத்தையும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

முறையான சிகிச்சை எப்படி நடக்கும் தெரியுமா? பஞ்சகர்மா என்ற ஆயுர்வேதச் சிகிச்சை என்றால் முதல் நாளே பேதி கொடுத்துவிட மாட்டார்கள். ஆளைப் பார்த்து, பசியைக் கேட்டு, மூன்று முதல் ஏழு நாள் வரை மருந்து நெய் கொடுப்பார்கள். பிறகு எண்ணெய், ஒத்தடம், வியர்க்க வைப்பது. அதற்கப்புறம்தான் பேதியோ, வஸ்தி என்ற எனிமாவோ, யாருக்கு எது பொருந்துமோ அது. முடிந்த பின்பு நீர்க்கஞ்சி, கெட்டிக்கஞ்சி, பருப்புச் சாறு என்று படிப்படியாகச் சில நாள். முன்னும் பின்னும் இத்தனை நாள் பிடிக்கும் ஒன்றை, ‘வீக் எண்டில் முடித்துத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் நமக்கே சந்தேகம் வர வேண்டாமா?

செய்துகொள்ள விருப்பமா? தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். பதிவு பெற்ற ஆயுர்வேத, சித்த மருத்துவரிடம் போங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பே இல்லை. 1902-ல் பி.எஸ். வாரியர் தொடங்கிய கோட்டக்கல் ஆர்ய வைத்தியசாலை வரைக்கும் போக எல்லோராலும் முடியாது. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் அரும்பாக்கம் அரசு மருத்துவமனையும் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். பாதரசம், ஈயம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்துகள் உண்டு. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்ற நம்பிக்கையில் ஆன்லைனில் ஆர்டர் போடுவது சரியில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ‘இன்றைக்கு எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல்’ என்று முடிவாகிறது. நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சுவது அம்மா. பையனைத் துரத்திப் பிடித்து உட்கார வைத்துத் தேய்ப்பது அம்மா. பெண்ணின் பின்னலைப் பிரித்துச் சிக்கெடுப்பதும் அம்மாதான். அப்பாவுக்கு முதுகில் கை எட்டவில்லை. அதற்கும் ஒரு குரல். நடுவில் சீயக்காய் கரைத்து, ஒவ்வொருவருக்கும் வெந்நீர் விளாவி, குளியலறைத் தரையில் யாரும் வழுக்கி விழாமல் அரப்புப் போட்டுத் தேய்த்து, பிசுக்குத் துண்டுகளை ஊறவைத்து, மிளகு ரசம் வைத்து இறக்கும்போது மணி ஒன்றரை. அதற்கு மேல் தன் தலையில் எண்ணெய் வைத்தால் எப்போது காய்வது? ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து பரிமாறுகிறாள்.

இது எந்த ஊரில், எந்த வீட்டில் நடக்கவில்லை?

வீட்டுக்கே ஆரோக்கியம் பார்க்கிறவளுக்கு அந்த ஆரோக்கியத்தில் பங்கில்லை. கஞ்சி விஷயத்திலும் இதே கதிதான். ‘எனக்கு மட்டும் கஞ்சி போதும்’ என்று அவள் சொன்னால், கஞ்சியும் வைத்து, மற்றவர்களுக்குப் பூரியும் கிழங்கும் செய்ய வேண்டும். வேலை இரட்டிப்பாகிறது. வயலில் வேலை நின்றபோது வந்த பழக்கம் அது. வேலை நிற்காமல் பழக்கத்தை மட்டும் ஒட்டவைத்தால் உடம்பு எப்படித் தேறும்?

அதனால் இந்த ஆடியில் ஒன்று செய்து பார்ப்போமா? ஒரு வார இறுதி போதும். பேக்கேஜ் வேண்டாம், பேதி வேண்டாம்.

வெள்ளி ராத்திரியிலிருந்து ஞாயிறு ராத்திரி வரை வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. ஒரு வேளை கஞ்சி, மற்ற வேளை ரசம் சாதம், பாசிப்பருப்புக் கூட்டு, இட்லி. கஞ்சிக்குப் புழுங்கல் அரிசி நொய் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், ஒரு ஸ்பூன் வெந்தயம், நாலைந்து பல் பூண்டு, தட்டிய சுக்கு, சீரகம். எட்டு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய விட்டு, உப்புப் போட்டு, இறக்கிய பின் தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளக் கொத்தமல்லித் துவையல். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு இதைச் செய்யத் தெரியாதா? கற்றுக்கொண்டால் ஹாஸ்டலில் கூட உதவும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழைந்த கஞ்சி சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றிவிடும். அவர்கள் பருப்பும் காயும் கூட்டி, அளவைக் குறைத்து, வழக்கமான நேரத்தில் சாப்பிடட்டும். மாத்திரையில் கை வைக்க வேண்டாம்.

ஞாயிறு காலையில் எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல். ஸ்விக்கி, சொமாட்டோவுக்கு இரண்டு நாள் லீவு. பத்து மணிக்கு விளக்கணைப்பு. போன் ஹாலிலேயே கிடக்கட்டும். மதியம் படுத்துத் தூங்கும் தூக்கத்தை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதில் என்ன கிடைத்துவிடும் என்கிறீர்களா? பெரிய அதிசயம் ஒன்றும் கிடையாது. திங்கட்கிழமை காலையில் வயிறு லேசாக இருக்கும். பசி நேரத்துக்கு எடுக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று ராத்திரியும் நன்றாகத் தூங்கியிருப்பீர்கள். எண்ணெய் தேய்த்த தோல் ஆடிக்காற்றில் வறளாது. இத்தனையும் வீட்டுச் சமையல் செலவுக்குள்ளேயே கிடைக்கிறதே, போதாதா?

ஒரே ஒரு நிபந்தனை. எண்ணெய்க் கிண்ணத்துக்கு முன்னால் முதலில் உட்கார வேண்டியவர், எப்போதும் கடைசியில் உட்காருகிறவர். அது பெரும்பாலும் அம்மா. சில வீடுகளில் பாட்டி. தனியாகப் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகனாகவும் இருக்கலாம். அன்றைக்கு அடுப்படியும் துண்டு துவைப்பதும் மற்றவர்கள் பொறுப்பு. ‘எனக்கு எதுக்கு இதெல்லாம்’ என்று அவர் எழுந்து ஓடப் பார்ப்பார். விடாதீர்கள். யார் கஞ்சி வைப்பது, யார் குளியலறையைக் கழுவுவது என்று சனிக்கிழமை ராத்திரியே பேசி முடித்துவிடுங்கள். அவர் பதில் சொல்வதற்குள் எண்ணெய் காய்ந்திருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்